வாசலைப் பார்த்த செருப்பு

சோய்கந்த், ரங்ரேசான் பேட்டை
பிப்ரவரி 3, 1997

சவ்ரி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதை அச்சிலேயே பார்த்துவிட்டேன்.

இன்று காலை ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். எங்கள் பள்ளியில் முதல் வகுப்புக்கு நடக்கும் வீட்டுமொழி வகுப்பு செப்டம்பரிலிருந்து கிடையாது. கல்வித் துறைக்காரர்கள் எதற்கும் காரணம் சொல்லி நான் பார்த்ததில்லை. இந்த முறை இரண்டு பக்கம் இணைத்திருந்தார்கள். "ரங்ரேசானில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள எவரும் இந்தக் கிளைமொழியைப் பேசுவதில்லை. குழந்தைகளிடம் அதன் தடயமே இல்லை." கீழே உன் பெயர், மாஸ்கோ, ஆய்வு நிறுவனம், எல்லாம்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹோசியத், இது உங்க சித்தப்பா பொண்ணுதானே? போன செப்டம்பர்ல உங்க வீட்டுலதானே தங்கியிருந்தா?"

"ஆமா. பதினோரு நாள்."

"நல்லா சாப்பாடு போட்டீங்களா?"

"போட்டோமே."

"பத்தல போலிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வகுப்புக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வகுப்பை வாங்க நான் ஆறு வருடம் அலைந்தேன். முப்பத்தொரு பிள்ளைகள், வாரத்துக்கு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் யோசிப்பதில்லை.

ஆட்சேபம் இருந்தால் ஜூன் முதல் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பூட்டுதான்.

தபாலில் போட்டால் எந்த ஊர் மூட்டையில் கிடக்குமோ. ரயில் நடத்துநரிடம் கொடுத்தனுப்புகிறேன், மூன்றாவது பெட்டி. பதில் என்று ஏதாவது இருந்தால் நீயும் அவரிடமே கொடு.

ஹோசியத்


மாஸ்கோ
பிப்ரவரி 21

ஹோசியத் அக்கா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

அந்தக் கட்டுரையைக் கல்வித் துறைக்கு நான் அனுப்பவில்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள். அச்சான வாக்கியம் யார் மேசைக்குப் போகும் என்பது எழுதியவளுக்குத் தெரிவதில்லை.

ஆனால் வாக்கியம் என்னுடையது. மறுக்க மாட்டேன்.

நாற்பத்திரண்டு வீடுகள். அறுபத்தொரு ஒலிநாடாக்கள். குழந்தைகளுக்குப் படம் காட்டினேன். கோழி, கத்தரிக்கோல், மழை. "இது என்ன?" எல்லா வீட்டிலும் பதில் அரசு மொழியில் வந்தது. முழு வாக்கியமாக. "இது கோழி. கோழி முட்டையிடும்."

நகரங்கள் மொழி மாறும். 1931இல் தலைநகரைச் சோய்கந்துக்குக் கொண்டுவந்தபோது ஒரு நில அளவையாளர் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்: சந்தையில் பத்துக் குரல் கேட்டால் அதில் எட்டு ரங்ரேசான் பேச்சு. பிறகு அமைச்சகங்கள் வந்தன. எழுத்தர்கள் வந்தார்கள். வானொலி. ஒன்பது மாடிக் குடியிருப்புகள். ஒவ்வொன்றும் சில குரல்களை எடுத்துக்கொண்டது. அந்தப் பேச்சும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. மூன்று ஊர்ச் சாயக்காரர்கள் ஒரே வாய்க்காலில் துணி அலச வந்து, சண்டை போட ஒரு பொது மொழி வேண்டியிருந்ததால் உண்டாக்கிக்கொண்டது. வந்ததைப் போலவே போகிறது.

எங்கள் வீட்டில் அது போன நாளை எனக்குத் தெரியும். எனக்கு நான்கு வயது. புதுக் குடியிருப்பு, ஐந்தாவது மாடி. அப்பா கடைசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இனி இந்த வீட்டில் அரசு மொழி மட்டும் என்றார். அதன்பிறகு முகச் சவரம் செய்யும்போது மட்டும், கண்ணாடியில் தெரியும் ஆளைப் பழைய பேச்சில் திட்டுவார். பெரியப்பா ஒருமுறை பார்க்க வந்தார். அவரிடமும் அரசு மொழி. பெரியப்பா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். பிறகு வரவேயில்லை. அப்பா இறந்தபோதுதான் வந்தார்.

ஜூன் 16 என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு. நான்காம் அத்தியாயம் முழுவதும் அந்த வாக்கியத்தின் மேல் நிற்கிறது.

நான் கேட்டதைத்தான் எழுதினேன், அக்கா. கேட்காததை எப்படி எழுதுவது?

சவ்ரி


ரங்ரேசான்
மார்ச் 9

சவ்ரி,

என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். மூன்று வயதில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவள் நீ. சரி, போகட்டும்.

உன் கேள்வியை எதிர்வீட்டுச் சலோமத்திடம் கொண்டுபோனேன். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் உன் ஒலிநாடாவில் கோழி முட்டையிடும் என்று சொன்னவைதான்.

"சலோமத், சவ்ரி வந்தப்போ உன் பசங்க ஏன் அரசு மொழில பேசினாங்க?"

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "வேற எப்படிப் பேசுவாங்க? மாஸ்கோலேர்ந்து வந்திருக்கா, கையில கேக்கு. அவ முன்னாடி 'ஏ கழுத, இங்க வாடி'ன்னு கத்தச் சொல்றியா? எங்கள என்னன்னு நெனச்சே?"

"அவளுக்குத்தான் நம்ம பேச்சு புரியுமே."

"அதான் சொல்றேன். புரியாத ஆளா இருந்தா கத்தலாம். புரியுற ஆள் முன்னாடி எப்படிக் கத்துறது?"

இன்னும் ஏழு வீட்டில் கேட்டேன். ஏழு வீட்டிலும் இதே பதில், கொஞ்சம் கோபம் கூடக் குறைய. நீ அரசு மொழியில் கேட்டாய், அதே மொழியில் பதில் சொன்னார்கள். விருந்தாளி எந்த மொழியில் வாயைத் திறக்கிறாரோ அந்த மொழிதான் அவர் எழுந்து போகும்வரை அந்த வீட்டு மொழி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தருவதில்லை. உனக்கும் யாரும் சொல்லவில்லை. நீ இங்கே வளரவில்லை.

நம்பவில்லை என்றால் ஒன்றை மட்டும் நினைத்துப் பார். விருந்தாளி உள்ளே போய் உட்கார்ந்ததும் வீட்டுப் பிள்ளைகள் அவர் செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள், போகும்போது சிரமமில்லாமல் மாட்டிக்கொள்ளட்டும் என்று. வீட்டு ஆள் செருப்பை யாரும் தொடுவதில்லை.

நாற்பத்திரண்டு வீட்டிலும் நீ வெளியே வந்தபோது உன் செருப்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது?

ஹோசியத்


மாஸ்கோ
ஏப்ரல் 2

அக்கா,

வாசலை.

எல்லா வீட்டிலும். வசதியாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். குறிப்பேட்டில்கூட இல்லை.

இரண்டு வாரமாக நாடாக்களை மறுபடி கேட்கிறேன். இந்த முறை கேள்வி பதில்களை அல்ல. அவற்றுக்குப் பிறகு வருவதை. நன்றி சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். சில வீடுகளில் கருவியை நிறுத்த மறந்திருக்கிறேன். முற்றத்தில் காலணி மாட்டும் சத்தம். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தூரத்தில்:

"போயிட்டாளா?"

"போயிட்டா, போயிட்டா. கேக்க எடு!"

"ஏய், பூ போட்ட துண்டு எனக்கு! நான்தான் கோழி சொன்னேன்!"

"நீ சொன்ன கோழிக்குப் பூ வேற வேணுமா?"

எல்லாம் நம் பேச்சு. ஒரு சொல் தடுமாறவில்லை. பதினேழாம் நாடா. சலோமத் அக்கா வீடு. ஐந்தும் ஏழும் ஒன்பதும் வயது.

இப்படி ஒன்பது நாடாக்கள் இருக்கின்றன.

பேராசிரியருக்குப் போட்டுக் காட்டினேன். அது தரவு அல்ல, பின்னணிச் சத்தம் என்றார். அனுமதி வாங்காமல் பதிவானது என்றார். இரண்டாவது சரி. முதலாவதும் முறைப்படி சரிதான். நாற்பத்திரண்டுக்கு எதிராக ஒன்பது. அந்த ஒன்பதிலும் சுத்தமான பேச்சு இல்லை, பாதி ருஷ்யச் சொற்கள்.

வாக்கியத்தைத் திரும்பப் பெற்றால் அத்தியாயம் விழும். தேர்வு ஒரு வருடம் தள்ளிப்போகும். உதவித்தொகை இந்த ஜூனோடு முடிகிறது. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. கணக்கில் இதுவும் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் வாக்கியம் தவறாக இருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. உங்களுடைய பேச்சு உயிரோடு இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

மே மாதம் உங்கள் தம்பி சோகிபுக்குத் திருமணம் என்று நடத்துநர் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை.

சவ்ரி


ரங்ரேசான்
ஏப்ரல் 19

சவ்ரி,

நடத்துநருக்கு வாய் நீளம்.

ஆமாம், மே 18. உனக்கு அழைப்பிதழ் அனுப்பப் போவதில்லை. அழைப்பிதழ் விருந்தாளிக்கு. நீ முதல் நாளே வா. சனிக்கிழமை மதியம் புலாவுக்குக் கேரட் வெட்டுவோம், எண்பது கிலோ. தெருப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். கேரட்டை உரிக்கிறேன் என்று பிள்ளைகள் பாதியைத் தின்பார்கள். கேக் கொண்டுவராதே. நல்ல கத்தி கொண்டுவா, இங்கே இருப்பதெல்லாம் மழுங்கல்.

ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுவா. ஆனால் பைக்குள் வைக்காதே. கேரட் கூடைக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வை. முன்கூட்டியே எல்லாரிடமும் நான் சொல்லிவைக்கிறேன். பதினேழாம் நாடாவுக்குச் சலோமத்திடம் அனுமதி கேட்டாயிற்று. "என் பசங்க கேக்குக்கு அடிச்சிக்கிட்டத மாஸ்கோ வரைக்கும் கேட்டாச்சு, இனிமே என்ன" என்றாள். அது சம்மதம்.

அடுத்து சொல்லப்போவதை இரண்டு கடிதமாக எழுதாமல் விட்டேன். உன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டே இருந்ததில் சௌகரியமாக இருந்தது.

செப்டம்பரில் நீ வருவதற்கு முதல் நாள் என் பிள்ளைகள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "சித்தி வர்றா. ஒழுங்காப் பேசணும். வீட்டுப் பேச்சு வாயில வந்துது, பிச்சுப்புடுவேன்." வீட்டுமொழி வகுப்பு எடுக்கிற நான் சொன்னேன். பதினோரு நாளும் நானே உன்னிடம் அரசு மொழியில்தான் பேசினேன். ஐந்தாவது மாடிக்காரர் மகள், நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடக் கூடாது என்று.

உன் வாக்கியத்தில் என் பங்கும் இருக்கிறது. அத்தியாயத்தை என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். வந்து கேரட் வெட்டு. பிறகு நீயே முடிவு செய்.

ஹோசியத்


மாஸ்கோ
மே 24

அக்கா,

கட்டைவிரலில் கட்டுப் போட்டிருப்பதால் எழுத்து கோணல்.

ரயிலில் மூன்று நாளும் கேரட் நாடாக்களைக் கேட்டேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. கத்திச் சத்தம். யாரோ அரசு மொழியில் என்னிடம், "மாஸ்கோவில் குளிர் எப்படி?" நான் அரசு மொழியில், "பரவாயில்லை." எனக்கு வியர்த்தது நினைவிருக்கிறது. மறுபடியும் அதேதான் நடக்கிறது என்று நினைத்தேன். கையில் கத்தி இருந்தும்.

பிறகு கத்தி வழுக்கியது.

நாடாவில் என் குரலை அடையாளம் தெரியவில்லை. "உன் சாயத்தொட்டி வத்திப்போக!"

அப்பா முகத்தில் கத்தி படும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வது. எனக்குள் அது இருந்தது எனக்குத் தெரியாது. அதன்பிறகு நான்கு நொடிக்கு எல்லார் கத்தியும் நின்றுபோகிறது. அளந்தேன். பிறகு சலோமத் அக்கா:

"யம்மா! கமோல் சித்தப்பா எழுந்து வந்துட்டாரு!"

"ஏ, இவ செத்துப்போன கெழவன் மாதிரியே பேசுறாடி!"

"சாயத்தொட்டின்னா என்னம்மா?" ஒரு குழந்தைக் குரல்.

"அதா? அதுல துணி முக்குவாங்க. இப்ப ஏது."

"அப்ப அது எப்படி வத்தும்? லூசு. நாங்கல்லாம் 'உன் பேட்டரி தீந்துபோக'ன்னுதான் சொல்லுவோம்."

"இந்தா, அவ வெரலக் கட்டுங்க மொதல்ல! கேரட்டெல்லாம் ரத்தம்! மாப்பிள்ளைக்கு இதையா போடறது?"

அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் யாரும் நிறுத்தவேயில்லை. நான் பேசியதும் இருக்கிறது. பிள்ளைகள் என்னைத் திருத்தியது இருக்கிறது. ஆறு வயதுப் பெண் ஒருத்தி, "அப்படில்லாம் இப்ப யாரும் சொல்றதில்ல" என்று மூன்று இடத்தில் சொல்கிறாள். மூன்று இடத்திலும் அவள் சரி.

நான் தேடியது நில அளவையாளரின் பேச்சு. 1931. அது இல்லை என்பது உண்மைதான். அது என்னிடமும் அப்பாவின் சவரக் கண்ணாடியிலும் மட்டும் இருந்திருக்கிறது. பேட்டை என்னை விட்டுவிட்டு முன்னே நடந்துபோய்விட்டது. சாயத்தொட்டி இருந்த இடத்தில் பேட்டரி. ருஷ்யச் சொற்கள் முப்பது விழுக்காடு, ஆனால் ஒவ்வொன்றும் நம் பேச்சின் பின்னொட்டை மாட்டிக்கொண்டு, நம் பேச்சின் ராகத்தில் வருகிறது. இதைப் பேராசிரியர் கலப்பு என்பார். மூன்று ஊர்ச் சாயக்காரர்கள் வாய்க்காலில் பேசியதையும் அன்று யாராவது அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இத்துடன் இரண்டு பக்க அறிக்கை இருக்கிறது. கையெழுத்திட்டு, நிறுவன முத்திரையுடன். கட்டுரையின் அந்த வாக்கியம் தவறு, தவறு என்னுடைய ஆய்வு முறையில், பேசியவர்கள்மேல் அல்ல என்று எழுதியிருக்கிறேன். நாடாக்கள் நான்கையும் நகல் எடுத்து நடத்துநரிடம் கொடுத்திருக்கிறேன். உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாய் நீளம் என்றாலும் கை சுத்தம்.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். "அடுத்த ஜூன்" என்றார். வாரத்தில் நான்கு நாள் ஒரு நூலகத்தில் அட்டைகள் அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. போதும்.

ஜூன் முதல் தேதிக்குள் கொடுத்துவிடு.

சவ்ரி


ரங்ரேசான்
ஜூன் 8

சவ்ரி,

அறிக்கை 29ஆம் தேதியே போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு பள்ளிக்கு வந்தது. மூன்று பேர். விடுமுறையிலும் பிள்ளைகளைத் தலை வாரி வரவழைத்திருந்தோம்.

அந்த அரை மணி நேரத்தில் என் உயிர் போய் வந்தது. குழுத் தலைவி நல்லவர், அதுதான் பிரச்சினை. சிரித்த முகமாகக் கேட்டார்: "குழந்தைகளே, வீட்டில் நீங்கள் என்ன மொழி பேசுவீர்கள்?" சலோமத்தின் நடுப்பிள்ளை எழுந்து நின்றான். கையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, "மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களே, நாங்கள் வீட்டில் ரங்ரேசான் பேச்சைப் பேசுகிறோம்" என்றான். சுத்தமான அரசு மொழியில்! ஒலிபெருக்கி வைத்து வாசித்ததுபோல். முப்பத்தொரு பேரும் அப்படியே. விருந்தாளி வந்திருக்கிறாரே. பள்ளிக்கூடத்தில் செருப்பைக் கழற்றுவதில்லை. கழற்றியிருந்தால் அதையும் திருப்பி வைத்திருப்பார்கள்.

தலைவி ஏதோ குறித்துக்கொண்டார். மூடியாயிற்று என்று நினைத்தேன்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உன் இரண்டாம் நாடாவைப் போட்டேன். கத்திச் சத்தம். பிறகு அந்தப் பேட்டரி.

பின்வரிசையிலிருந்து: "டேய், அது நான்!"

"நீ இல்லடா, அது என் கொரலு! நீ அப்ப கேரட்ட முழுங்கிட்டு விக்கிட்டு கெடந்தே!"

"பொய்! டீச்சர், மறுபடி போடுங்க! அவன் பேட்டரி தீந்துபோக!"

அவ்வளவுதான். முப்பத்தொரு பேரும் மேசைமேல். குழு வந்திருப்பதை மறந்தே போனார்கள். நான் அடக்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் தூண்டிவிட்டேன். தலைமையாசிரியை மொழிபெயர்த்துச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்கு முன்பே, குழுவோடு குறிப்பெடுக்க வந்திருந்த நரைத்த எழுத்தர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைவி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்குப் புரிகிறதா?"

"மன்னிக்கவும், அம்மையார்" என்று அரசு மொழியில் ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே நம் பேச்சில் முடித்தார்: "எங்க வீட்டுலயும் இதே கூத்துதான்."

பதினெட்டு வருடமாக அந்த அலுவலகத்தில் இருக்கிறாராம். யாருக்கும் தெரியாது.

வகுப்பு தொடரும். நேற்றே கடிதம் வந்துவிட்டது. இரண்டாம் வகுப்புக்கும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

அப்பா உன் நாடாவைக் கேட்டார். சாயத்தொட்டி வருகிற இடத்தை மட்டும் மூன்று முறை போடச் சொன்னார். பிறகு, "தம்பி மறக்கல" என்றார். அன்றைக்குத் தேநீரை முழுக்கக் குடித்தார்.

ஹோசியத்


மாஸ்கோ
ஜூன் 20

அக்கா,

ஆய்வேட்டை முதலிலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். நான்காம் அத்தியாயம் இப்போது முதல் அத்தியாயம். முதல் வரி: "நாற்பத்திரண்டு வீடுகளிலும் என் காலணிகள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன." இது ஆய்வேட்டின் நடை அல்ல என்கிறார் பேராசிரியர். மாற்றப் போவதில்லை.

சொல்ல நினைத்து விட்டுப்போன ஒன்று இருக்கிறது. அதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். இதுவரை யாரும் இதில் கடிதம் எழுதியதில்லை, அதனால் எழுத்துப்பிழை என்றும் எதுவும் இல்லை.

அன்னிக்கு ரயிலுக்குக் கெளம்புறேன், என் செருப்பக் காணோம்க்கா. முத்தத்துல நாப்பது ஜோடி குமிஞ்சு கெடக்கு, ஒண்ணு மேல ஒண்ணு, எதுவும் எந்தப் பக்கமும் பாக்கல. ஒரு செருப்பு மல்பெரி மரத்தடில கவுந்து கெடந்துச்சு. இன்னொண்ண சலோமத் அக்கா கடக்குட்டி மாட்டிட்டு ரொட்டி வாங்கப் போயிருந்தான். ஒத்தக் கால்ல நின்னுட்டு, "என் செருப்பு எங்கடா"ன்னு தெருவே கேக்கக் கத்துனேன். உள்ளேர்ந்து நீ கத்துன: "நீயே தேடுடி, எங்களுக்கு வேல இல்லியா?"

ரயிலு போயிருக்கணும். நடத்துநரு நிறுத்தி வச்சிருந்தாரு.